கறுப்புக் குதிரை சிவந்த கதை

கால்நடை வைத்தியப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைமாருக்கு,

நோயுற்ற ஒரு மிருகத்துக்கு முன்னால் போய் நின்றவுடன் உங்கள் கை எங்கே போகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெப்பமானிக்குப் போகும். கொஞ்சம் கெட்டிக்காரர் என்றால் கண் இமையை விலக்கிப் பார்ப்பார். ஓய்வு பெறும்வரை என் கை முதலில் தீவனத் தொட்டிக்குள் போனது. கூட வேலை செய்தவர்கள், “டொக்டர் மாட்டுக்கு முந்தித் தானே சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார்” என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் வேலையில் நான் வாய்பிளந்து நின்ற நாள் அது. வெட்கப்பட்ட நாளும் அதுதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நுவரெலியாவில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிரும் புதிது, குதிரையும் புதிது. மாடு, ஆடு, கோழி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குதிரையை வகுப்பில் படித்தது பரீட்சையோடு போய்விட்டது. நாட்டில் வேறெங்கும் குதிரை வைத்தியம் தேவைப்படாமலே ஒருவர் ஓய்வு பெற்றுவிடலாம். நுவரெலியாவில் அது நடக்காது. ஏரிக்கரையில் சவாரிக்கு மட்டக்குதிரைகள் நிற்கும். ஏப்ரல் வந்தால் கொழும்பிலிருந்து பந்தயத்துக்கு ஓட்டக் குதிரைகள் லொறியில் ஏறி வரும்.

இந்தக் கதையில் வரும் குதிரை ஓடவும் இல்லை, சவாரி போகவும் இல்லை. அது மஃறூப் முதலாளியின் குதிரை. முதலாளிக்கு டவுனில் இரும்புக்கடை. சின்ன வயதிலிருந்தே கறுப்புக் குதிரை ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று ஆசை. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்த பிறகு ஒன்றை வாங்கினார். அவருடைய உடம்புக்கு அதில் ஏற முடியாது; ஏறவும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பார், கழுத்தைத் தடவுவார், வருவார். இருட்டைப் பிசைந்து செய்தது போல ஒரு கறுப்பு. கஸ்தூரி என்று பெயர் வைத்தார்.

கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆளில்லாத பழைய துரை பங்களாவின் குதிரை லாயத்தை வாடகைக்கு எடுத்து அங்கே கட்டினார். பார்த்துக்கொள்ள சன்னாசி இருந்தார். அதே தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தவர், ஐம்பதை நெருங்கிய மனிதர். முன்பு ஒரு துரையின் குதிரையைப் பராமரித்த அனுபவம் உண்டு. நான் குதிரையைப் பற்றித் தெரியாமல் விழித்த இடங்களில் அவர்தான் என் மானத்தைக் காப்பாற்றினார். அதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

குதிரையை வாங்கியபோது அடையாளப் படிவம் நிரப்பியது நான். அதில் ஒரு குதிரையின் உருவம் வெறும் கோடாக அச்சடித்திருக்கும். நெற்றியில், கழுத்தில், விலாவில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று பார்த்து அதில் குறிக்க வேண்டும். மனிதனுக்குக் கைரேகை போலக் குதிரைக்குச் சுழி, சாகும்வரை மாறாது. அன்றைக்கு நல்ல மழை. இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு கறுப்புக் குதிரைதானே இருக்கிறது, எதோடு மாறிப் போகப் போகிறது என்று நினைத்தேன். “நிறம்: கறுப்பு. அடையாளங்கள்: இல்லை” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். படத்தை அப்படியே வெறுமையாக விட்டேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருட மழைக்காலத்தில் கஸ்தூரி மெலிந்தது. சன்னாசி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். மயிர் பளபளப்புக் குறைந்திருந்தது, ஈறு வெளுத்த மாதிரி என் கண்ணுக்குப் பட்டது. எனக்கு அவசரம். அட்டனை அடுத்த நோர்வூட், டிக்கோயாப் பக்கம் மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய் பரவி, என்னை அங்கே போகச் சொல்லியிருந்தார்கள். ஜீப் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. இரும்புச்சத்து டொனிக் எழுதிக் கொடுத்தேன். காலை ஒரு அகப்பை, மாலை ஒரு அகப்பை, தவிட்டில் கலந்து. சன்னாசி தேயிலைச் செடிகளுக்கு இடையில் அறுத்து வந்த புல் பக்கத்தில் கிடந்தது. அதில் செடிக்கு அடித்த மருந்து படிந்திருந்ததைக் கண்டு, “இது நஞ்சு. இனித் தேயிலை மலையில புல்லு அறுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, “நான் பிறகு வந்து பாக்கிறன்” என்றும் சொல்லிவிட்டுப் போனேன்.

பிறகு நான் போய்ப் பார்த்தது ஒன்பது மாதம் கழித்து.

அந்த ஒன்பது மாதமும் முதலாளியும் ஊரில் இல்லை. இருதய சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்குப் போனவர், அப்படியே வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தார். வந்த அன்றே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் என் கந்தோர் வாசலில் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

“டொக்டர், எண்ட குதிரைய மாத்திட்டாங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். லாயத்தில் ஒரு சிவப்புக் குதிரை நிற்கிறது. ஏப்ரலில் கொழும்புக்காரர்கள் கறுப்புக் குதிரை ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கடைச் சிப்பந்தி கண்டிருக்கிறான். சன்னாசி கஸ்தூரியை விற்றுவிட்டு, ஏதோ ஒரு மட்டமான குதிரையைக் கட்டி வைத்திருக்கிறான்.

“ஒரு கடிதம் தாங்க. இது வேற குதிரை எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க. மிச்சத்த பொலிஸ் பாத்துக்கொள்ளும்.”

போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் மலையகத் தமிழர் ஒருவரைப் பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் கேள்வி குதிரையோடு நிற்காது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். என் ஒரு கையெழுத்தில் ஒரு மனிதர் எங்கே கொண்டு போகப்படுவார் என்று சொல்ல முடியாத காலம். பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லி, முதலாளியின் வாகனத்திலேயே போனேன்.

உண்மையைச் சொல்கிறேன். லாயத்து வாசலில் நின்று பார்த்ததும் எனக்கும் வேறு குதிரை என்றுதான் பட்டது. கறுப்பின் சாயல்கூட இல்லை. வடித்துப் போட்ட தேயிலைச் சக்கையின் நிறம். கண்ணைச் சுற்றி வெளிறி, கண்ணாடி போட்ட மாதிரி ஒரு வளையம். சன்னாசி அதன் பக்கத்தில் கை கட்டி நின்றார்.

“இது கஸ்தூரிதாங்க ஐயா. கொஞ்சங் கொஞ்சமாத்தான் செவந்துச்சு. புள்ளைக்கி என்னமோ ஆகுதுன்னு ஆபீசுக்கு ரெண்டு வாட்டி வந்தேன். நீங்க அட்டன் பக்கம் போயிட்டதாச் சொன்னாங்க.”

“கரட்டு திண்டா செவக்குமாமே, அப்பிடி ஒரு கதையும் சொல்றாங்க” என்றார் முதலாளி. ஏரிக்கரை மட்டக்குதிரைக்காரர்கள் அப்படிச் சொல்வதுண்டு. கரட் தின்று கறுப்புக் குதிரை சிவந்ததை நான் கண்டதில்லை, அதைச் சொன்னேன்.

“அப்ப எழுதுங்க.”

முதலாளியின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆசை ஆசையாக வாங்கிய ஒன்றை, செத்துப் பிழைத்து வந்து பார்க்கிறார், அது இல்லை. படிவத்தை எடுத்து விரித்தேன். சுழிகளைக் குறித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வெறும் கோட்டுக் குதிரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடையாளங்கள்: இல்லை. கையெழுத்து என்னுடையது.

இந்த மாதிரி நேரத்தில் நமக்குள் ஒரு வழுக்கல் வரும். கவனமாக இருங்கள். ‘உறுதியாகக் கூற இயலாது’ என்று எழுதிவிட்டுப் போனால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மூன்று சொல்லோடு சன்னாசி கதை முடிந்துவிடும். எழுதலாமா என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நேரம் எடுக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“இவ்வளவு நாளும் இதுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?”

சன்னாசி பாடமாக ஒப்பித்தார். “நீங்க சொன்னதுதாங்க ஐயா. காலைல தவிட்டுல ஒரு அகப்ப டொனிக்கு. சாயங்காலம் ஒரு அகப்ப. தேயில மலைப் புல்லு தொடவே இல்ல. மேல பத்தனைல போயி அறுத்தாந்தேன்.”

பத்தனை என்பது தோட்டத்துக்கு மேலே, மேட்டில் உள்ள புல்வெளி. செங்குத்தான ஏற்றம். புல்லுக்கட்டோடு இறங்கி வர ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும்.

“எவ்வளவு காலம் குடுத்தனீங்கள்?”

“இன்னிக்குக் காலைல வரைக்கும் குடுத்தேங்க.”

லாயத்தின் பின்சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதில் டொனிக் போத்தல்கள், கழுவித் துடைத்து, ஒன்றுக்கு ஒன்று முட்டாமல் வரிசையாக நின்றன. நான் ஒரு மாதத்துக்கு என்று மனதில் நினைத்து எழுதிய மருந்து. மனதில் நினைத்தேன், வாயால் சொல்லவில்லை, சீட்டிலும் எழுதவில்லை. மருந்துக்கடையும் அதே சீட்டைக் காட்டக் காட்டக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“ஒன்பது மாசமும் குடுத்தனீங்களோ? ஒரு நாளும் விடேல்லையோ?”

“நீங்க நிப்பாட்டச் சொல்லலீங்களே ஐயா.”

குற்றம் சாட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி சொன்னதைச் செய்து, அடுத்தது சொல்லும்வரை அதையே செய்து பழகிய மனிதர். டொக்டர் சொன்னார் என்றால் டொக்டர்தான் நிறுத்தவும் வேண்டும். எனக்குக் காது சூடேறியது.

அவர் தொடர்ந்தார். “முன்னாடி மலைல அறுத்த புல்லுல நீல மருந்து படிஞ்சிருக்குங்க. மழைக் காலத்துல கொழுந்துல கொப்புளம் வராம இருக்க அடிப்பாங்கல்ல, அது. அதத் தின்னப்ப கறுப்பாத்தான் இருந்துச்சு. நீங்க நஞ்சுன்னீங்க. நிப்பாட்டிட்டேன்.”

நீல மருந்து. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிப்பது செம்பு கலந்த மருந்து. செம்பு இல்லாவிட்டால் மயிருக்குக் கறுப்பு ஏறாது என்பது நான் படித்த பாடம். இரும்பு மிஞ்சினால் இருக்கிற செம்பும் உடம்பில் ஒட்டாது என்பது அதற்கு அடுத்த பக்கம். மழை அடித்துக் கழுவிக்கொண்டு போகும் அந்தப் பத்தனை மண்ணில் விளையும் புல்லில் செம்பு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? புல்லோடு செம்பை நிறுத்தியது நான். டொனிக்கோடு இரும்பைக் கொட்டியது நான். நான் சொன்னதை ஒரு நாள் பிசகாமல் செய்ததற்காக இந்த மனிதர் கள்வன் ஆகியிருக்கிறார்.

மயிர் கொட்டிப் புதிதாக முளைக்கும். அதனால் உடம்பில் பழைய கறுப்பு மிஞ்சாது. ஆனால் வால் மயிர் அப்படி மொத்தமாகக் கொட்டாது. அது நினைவுக்கு வந்ததும் பின்னால் போய் வாலைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கற்றையைப் பிரித்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டினேன்.

பிள்ளைகளே, அதை நான் எப்படிச் சொல்வேன்! அடியிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்துக்குச் செம்பட்டை. அதற்குக் கீழே நுனிவரை அட்டக் கறுப்பு. ஒவ்வொரு மயிரும் அதே இடத்தில் நிறம் மாறியிருந்தது. குதிரை வால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விரலகலம் வளரும். அடியில் என் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்பது விரல் முடிந்த இடத்தில் கறுப்பு தொடங்கியது. ஜீப் எஞ்சினை நிறுத்தாமல் நான் வாயால் சொல்லிவிட்டுப் போன அந்த நாள், வாலில் கோடு கிழித்த மாதிரி நின்றது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. படிவத்தில் நான் எழுதாமல் விட்டதையெல்லாம் வாயில்லாத ஒரு பிராணி ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. நாளும் பொழுதும் தின்றது எதுவோ அதுவே மயிராக வெளியே வந்து நிற்கிறது. அதைத்தான் நாம் அழகு என்கிறோம், நிறம் என்கிறோம். படித்தது வேறு, கையில் பிடித்துப் பார்ப்பது வேறு.

முதலாளியைக் கூப்பிட்டேன். “இது உங்கட கஸ்தூரிதான். இதைச் சிவக்கப் பண்ணினது சன்னாசி இல்லை, நான்” என்று சொன்னேன். வாலைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன்.

முதலாளி வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வியாபாரி, எதையும் இரண்டு தரம் உரசிப் பார்ப்பவர்.

“நுனிக்குச் சாயம் போடுறது பெரிய வேலையா டொக்டர்? நீங்க நல்ல மனுசன். அவனுக்காகப் பேசுறீங்க.”

அதற்கும் நியாயம் இருந்தது. அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். கழுத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மயிரைத் தோலோடு ஒட்ட வெட்டினேன். “டொனிக்கை இண்டையோட நிப்பாட்டுறம். செம்புத் தூள் தாறன், தவிட்டில போடுங்கோ. ரெண்டு மாசத்தில இந்த இடத்தில புது மயிர் வரும். கறுப்பா வந்தா இது கஸ்தூரி. சிவப்பா வந்தா நீங்கள் கேட்ட கடிதத்தை நானே எழுதித் தாறன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். கறுப்பாக வரும் என்று புத்தகம் சொல்கிறது. குதிரை புத்தகம் படித்ததில்லை. வராவிட்டால்?

முதலாளி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அதுவரை சன்னாசி லாயத்துக்குள் கால் வைக்கக் கூடாது. லாயத்துப் பூட்டின் திறப்பைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சன்னாசி குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். கடைச் சிப்பந்தி ஒருவர் லாயத்தில் தங்கிக் குதிரையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமே போனேன். பிறகு ஒவ்வொரு வாரமும் போனேன், எஞ்சினை நிறுத்திவிட்டு. முதல் தரம் போனபோது கேற்றுக்கு வெளியே ஒரு புல்லுக்கட்டு சாய்த்து வைத்திருந்தது. பத்தனைப் புல், ஈரம் காயாமல். யார் வைத்தது என்று கேட்டேன். “யாருன்னு தெரியாது சார். நா எந்திரிக்க முந்தியே வந்துருது” என்றார் சிப்பந்தி. உள்ளே வரக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். புல் கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் கள்வன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மனிதர் அந்த ஏற்றம் ஏறி இறங்கியிருக்கிறார்.

வெட்டிய இடம் மூன்று வாரம் வெறும் தோலாகக் கிடந்தது. பிறகு பூனைமயிர் போல ஏதோ வந்தது; நிறம் பிடிபடவில்லை. ஒருநாள் கறுப்பு போல இருக்கும், அடுத்த வாரம் வெயிலில் சிவப்பு போல இருக்கும். தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கண்ணே எனக்குப் பொய் சொல்லத் தொடங்கியது. ஆறாவது வாரத்துக்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். முதலாளியோடு சேர்ந்தே பார்க்கலாம் என்று.

தவணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். முதலாளி வந்தார். நான் சன்னாசியையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கேற்றுக்கு வெளியே, புல்லுக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். சிப்பந்தி குதிரையை வெளியே பிடித்து வந்தார்.

தேயிலைச் சக்கை நிறத்துக் கழுத்தின் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அட்டக் கறுப்பு. வெயில் பட்டு நீலமாக மின்னியது. மற்ற இடமெல்லாம் இன்னும் பழைய சிவப்பு. கடவுள் நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. அந்த நிமிடத்தில் கும்பிட்டுவிட்டேன்.

முதலாளி கிட்டப் போனார். கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அந்தக் கறுப்பை அழுத்தித் தேய்த்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு தன் கையை விரித்து அதன் மேல் வைத்தார். கறுப்பு முழுவதும் கைக்குள் மறைந்தது. கையை எடுத்தார், மறுபடியும் வைத்தார். “கஸ்தூரி” என்றார். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

கேற்றடிக்கு அவரே நடந்து போனார். சத்திரசிகிச்சை செய்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, புல்லுக்கட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கப் பார்த்தார். சன்னாசி பதறிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தார்.

“நான் உன்னக் கள்ளன் எண்டேன், சன்னாசி.”

“விடுங்க மொதலாளி. எனக்கே அடையாளந் தெரியாம போயிரும்போல இருந்துச்சு.”

திறப்பு கை மாறியது. பிறகு நான் என் கடிதத்தைக் கொடுத்தேன். முதலாளி கேட்டது அல்ல. நிற மாற்றத்துக்குக் காரணம் என் மருந்தும் என் கட்டளையும், பராமரித்தவர் மேல் பிழை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். கூடவே புதுப் படிவம் ஒன்று, எல்லாச் சுழிகளையும் குறித்து. நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு. எவ்வளவு அழகான சுழிகள்! கடிதத்தின் பிரதியொன்றை என் மேலதிகாரிக்கும் அனுப்பினேன். அதனால் வந்த திட்டை வாங்கிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு மருந்தடித்த புல்லை யாரும் தீவனமாகச் சிபாரிசு செய்துவிடாதீர்கள். செம்மறி ஆட்டுக்கு அது உண்மையிலேயே நஞ்சு. நான் பயந்தது பிழையில்லை. ஒன்றை எடுக்கும்போது அதோடு சேர்ந்து வேறு எது போகிறது என்று கேட்காததுதான் பிழை.

அன்றைக்குப் புறப்படும்போது செம்புத் தூள் பொட்டலத்தை சன்னாசியிடம் கொடுத்து, அளவைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறப் போனேன். பின்னாலேயே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லக் கூச்சப்படுகிறார் என்று தெரிந்தது.

“என்ன சன்னாசி?”

“கோவிச்சுக்காதீங்க ஐயா. இத எப்ப நிப்பாட்டணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”